பாதத்தில் தெரியும் கறுப்புப் புள்ளி

நீரிழிவு நோயாளியின் பாதத்தை ஸ்கேன் செய்யச் சொல்லி எங்கள் அணு மருத்துவப் பிரிவுக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும்: புண்ணுக்கு அடியில் உள்ள எலும்பு வரை தொற்று போய்விட்டதா? அந்த விடையைப் பொறுத்தே வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பதா, விரலை எடுப்பதா என்று அறுவை மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

எங்களிடம் வருவதற்கு முன்பே சில சோதனைகள் முடிந்திருக்கும். மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டு, எலும்பு 'டக்'கென்று தட்டுப்படுகிறதா என்று பார்த்திருப்பார்கள், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர் இரத்தப் பரிசோதனை பார்த்திருப்பார்கள், எக்ஸ்ரேயும் எடுத்திருப்பார்கள். ஆனால் எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும் என்பதால், முதல் இரண்டு மூன்று வாரங்களில் அது கைகொடுக்காமல் போகலாம். அடுத்து எம்ஆர்ஐ. அதை எடுக்க முடியாதவர்களும், எடுத்தும் சந்தேகம் தீராதவர்களும்தான் எங்களிடம் வருகிறார்கள்.

வழக்கமான எலும்பு ஸ்கேனில், டெக்னீஷியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய எம்டிபி என்ற மருந்தை ஊசியில் செலுத்தி, இரத்தம் பாய்வதை உடனேயும், திசுக்களில் தேங்குவதைச் சில நிமிடங்களிலும், எலும்பில் படிவதைச் சுமார் மூன்று மணி நேரம் கழித்தும் படம் எடுக்கிறோம். இந்த மருந்துக்குக் கிருமியைத் தெரியாது. எலும்பு எங்கே புதிதாக உருவாகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். எலும்பு முறிவு, பழைய அறுவை சிகிச்சை, உணர்விழந்த பாதத்தில் மூட்டுகள் நொறுங்கும் ஷார்கோ பாதம் என எல்லாமே படத்தில் கறுத்துத் தெரியும். ஆகவே, என் பார்வையில், இந்த ஸ்கேனின் உண்மையான மதிப்பு அது சுத்தமாக இருக்கும்போதுதான் வெளிப்படுகிறது. அப்போது எலும்புத் தொற்று இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காலுக்கு இரத்த ஓட்டமே குறைந்தவர்களிடம் இதையும் முழுதாக நம்ப முடியாது, மருந்து போய்ச் சேர்ந்தால்தானே படம் வரும்.

கறுத்துத் தெரிந்தால் நோயாளியின் வெள்ளை அணுக்களையே ஒற்றர்களாக அனுப்புகிறோம். சுமார் 50 மில்லி இரத்தம் எடுத்து, குழாயை நிமிர்த்தி வைத்தால் சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்க, மேலே வைக்கோல் நிறத்தில் கலங்கிய நீர் நிற்கும். அதைச் சுழற்றிப் பிரித்தால் குழாயின் அடியில் சிறு பொட்டாக வெள்ளை அணுக்கள் படியும். அவற்றில் கதிரியக்க டெக்னீஷியத்தை ஏற்றி, அதே ஆளின் உடலுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதால், குழாயில் ஒட்டிய பெயரை எத்தனை முறை சரிபார்த்தாலும் எனக்குப் போதவில்லை. முரட்டுத்தனமாகக் குலுக்கினால் அணுக்கள் சேதமாகி, நுரையீரலிலேயே தங்கிவிடும்.

பிறகு நான்கு மணி நேரத்திலும், இருபது முதல் 24 மணி நேரத்திலும் படம் எடுத்து ஒப்பிடுகிறோம். தொற்று இருந்தால் புள்ளி நேரம் ஆக ஆக அழுத்தமாகும்; வேறு காரணமாக இருந்தால் பொதுவாக மங்கும். டெக்னீஷியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும் என்பதால், இரண்டாவது படத்துக்கு நோயாளி காலை அசைக்காமல் அதிக நேரம் படுத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதிலும் ஷார்கோ பாதம் குழப்பும். அங்கே புதிதாகத் தோன்றும் எலும்பு மஜ்ஜையும் வெள்ளை அணுக்களை ஈர்ப்பதால், மஜ்ஜையை மட்டும் காட்டும் கொலாய்டு ஸ்கேனை உடன் வைத்துப் பார்க்க வேண்டும். மஜ்ஜை இல்லாத இடத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தால்தான் தொற்று என்று சொல்லலாம். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்தி எடுக்கும் எஃப்டிஜி பெட் ஸ்கேனில் இரத்தத்தைப் பிரிக்கும் வேலை இல்லை, ஒரே அமர்வில் முடிந்துவிடும். ஆனால் புது எலும்பு முறிவு அதையும் ஏமாற்றக்கூடும்.

பாதத்தில் புண்ணுக்கும் எலும்புக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் என்பதால், கேமராவைச் சுற்றவிட்டு எடுக்கும் முப்பரிமாணப் படமான ஸ்பெக்ட்டுடன் சிடியையும் சேர்த்துப் பார்க்காமல் இடம் சொல்ல நான் துணிவதில்லை. ஒருமுறை 24 மணி நேரப் படத்தில் பெருவிரலுக்கு அடியில் பெரிய கறுப்பு தெரிய, ஏறக்குறைய முடிவே செய்துவிட்டோம். புண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டி மறுபடி எடுத்தபோது அதில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. கறுத்தது எலும்பு அல்ல, சீழ் ஊறிய பஞ்சு. அன்றிலிருந்து கேமராவுக்கு அடியில் கால் வைக்கும் முன், கட்டை எப்போது மாற்றினார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.