ரிஃப்ளெக்ஸ் டேபிள மனப்பாடம் பண்ணாதீங்க, நாலு கட்டம் போடுங்க

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து பிஏஎஸ்எல்பி (காது கேக்குறது, பேச்சு பத்தின டிகிரி) சேர்ந்த தம்பி தங்கச்சிங்க அக்கூஸ்டிக் ரிஃப்ளெக்ஸ் மட்டும் மண்டைல ஏறலன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன். பெரிய சத்தம் கேட்டா நடுக்காதுல ஸ்டெபீடியஸ் தசை சுருங்குது, ஒரு காதுல சத்தம் போட்டாலும் ரெண்டு பக்கமும் சுருங்கும், நார்மலா 70ல இருந்து 100 டெசிபலுக்குள்ள வந்துடும். சத்தம் மேல போறது எட்டாவது நரம்புல, தசைக்கு ஆர்டர் வர்றது ஏழாவதுல. இது போதும்.

எந்த ரிஃப்ளெக்ஸ் வரலன்னா எங்க கோளாறுன்னு சொல்ற டேபிள உருப்போட்டுட்டு போனா வைவால ரைட்ட லெஃப்டா மாத்திக் கேட்டாலே திருதிருன்னு முழிக்கணும். அதுக்கு நாலு கட்டம் போடுங்க. மேல் வரிசை ரைட்ல சத்தம், கீழ் வரிசை லெஃப்ட்ல சத்தம், ரெண்டுலயும் இப்ஸி (சத்தம் போட்ட காதுலயே அளக்குறது), கான்ட்ரா (எதிர் காதுல அளக்குறது). ஒவ்வொரு கட்டத்துலயும் ப்ரோப் (ரிஃப்ளெக்ஸ அளக்குற முனை) எந்தக் காதுலன்னு எழுதிடுங்க. ரைட் வரிசை முழுக்க காலியா, அதாவது ரிஃப்ளெக்ஸ் வரலையா, ஆனா ஆடியோகிராம்ல (காது கேக்குற டெஸ்ட் ரிப்போர்ட்) லாஸ் கம்மியா, அப்ப ரைட் எட்டாவது நரம்பு மேலதான் சந்தேகம். ரைட் இப்ஸியும் லெஃப்ட் கான்ட்ராவும் காலின்னா ரெண்டுலயும் ப்ரோப் ரைட்லதான இருக்கு, அப்ப நடுக்காது கோளாறு இல்லன்னா ஏழாவது நரம்பு கெட்டு வர்ற முகவாதம், டிம்பனோகிராம் (நடுக்காது டெஸ்ட்) பி டைப்னா, அதாவது கோடு தட்டையா வந்தா நடுக்காதுதான். ரெண்டு கான்ட்ராவும் மட்டும் போச்சுன்னா மூளைத்தண்டு. சில மெஷின் பிரிண்ட்ல கான்ட்ராக்கு ப்ரோப் காது பேர போட்டுடும், அத மொதல்ல பாத்துக்கோங்க.

எனக்கு வைவால வந்தது நம்மூரு கேஸ் மாதிரியே இருந்துச்சு, கிரானைட் கட்டிங்ல பல வருஷம் வேல பாத்தவரு, 2000 ஹெர்ட்ஸ்ல 50 டெசிபல் லாஸ், ஆனா ரிஃப்ளெக்ஸ் 95லயே வந்துருச்சு. காது கேக்கலன்னா ரிஃப்ளெக்ஸும் வராதேன்னு தோணும்ல, ஆனா காக்ளியா (உள்காது) கெட்டா ரெக்ரூட்மெண்ட்னால பெரிய சத்தம் பெருசாவே கேக்கும், இங்க ரிஃப்ளெக்ஸ் வந்தது அவரு கேக்குற த்ரெஷோல்டுக்கு (கேக்க ஆரம்பிக்குற அளவு) மேல 45தான், 60க்கு கீழ வந்தா காக்ளியர்னு தைரியமா சொல்லலாம். 4000ல மட்டும் வரலன்னா பதறாதீங்க, நார்மல் ஆளுக்கே சில நேரம் வராது.

அடுத்து டீகே (சத்தம் தொடர்ந்து இருக்கும்போதே ரிஃப்ளெக்ஸ் தளர்ந்து இறங்குறது) கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க. 500லயும் 1000 ஹெர்ட்ஸ்லயும் ரிஃப்ளெக்ஸ் த்ரெஷோல்டுக்கு (ரிஃப்ளெக்ஸ் வர ஆரம்பிக்குற அளவு) மேல 10 டெசிபல் வச்சு 10 செகண்ட் விடணும், அதுக்குள்ள பாதிக்கு மேல இறங்குனா பாசிட்டிவ், திரும்பவும் எட்டாவது நரம்பு.