யெரெவான் குளிர்காலக் குறிப்புகள்: பழமும் பருப்பும்

டிசம்பர் 27

அர்மீனியத் தலைநகர் யெரெவானின் கும் சந்தையில் இன்று கால் வைக்க இடமில்லை. புத்தாண்டு நெருங்குகிறதே! ஆப்ரிகாட், பிளம், அத்தி என்று உலர்பழங்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். விற்கிற அம்மாக்கள் நம்மைக் கேட்காமலே ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துவிடுகிறார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது அலானி. பீச் பழத்தைத் தோல் சீவி, கொட்டையை எடுத்து, பாதி காய்ந்ததும் பொடித்த வால்நட்டையும் சர்க்கரையையும் உள்ளே அடைத்து, மறுபடி காயவைக்கிறார்கள். மெல்ல நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும், அவசரமாகத் தின்கிற பண்டமில்லை அது.

டிசம்பர் 30

வீட்டுக்காரப் பாட்டியை எல்லோரையும் போல நானும் தாதிக் என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கு இன்று நோன்பு ஆரம்பம். அர்மீனியத் திருச்சபையில் கிறிஸ்து பிறப்பு விழா ஜனவரி 6. அதற்கு முந்தைய ஒரு வாரம் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. புத்தாண்டு இந்த நோன்புக்குள்தான் வருகிறது. சோவியத் காலத்தில் புத்தாண்டு பெரிய கொண்டாட்டமாகிவிட்டதால் இப்போது பல வீடுகளில் பன்றித் தொடையும் கிரீம் கேக்கும் மேசையை நிறைக்கின்றன. தாதிக் மேசையில் பழைய முறைதான்: உலர்பழம், வால்நட், அனுஷாபூர் என்ற இனிப்புக் கோதுமைக் கஞ்சி.

இந்த ஊர் இனிப்புகளில் பாதிக்குப் பால் பக்கமே போக வேண்டியிராதது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. நோன்பிலும் விழா உண்டு. விழா என்றால் இனிப்பு வேண்டும்.

ஜனவரி 5

அனுஷாபூர் செய்கிறபோது பக்கத்திலேயே இருந்தேன். உமி நீக்கிய கோதுமையை நேற்றிரவே ஊறவைத்துவிட்டார். காலையில் அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசத் தொடங்கினார். கோதுமை வெடித்துக் குழைந்து, தன் மாவாலேயே கஞ்சி கெட்டியாக வேண்டும். அதுவரை ஆப்ரிகாட்டைப் போடக் கூடாது. அப்புறம் நறுக்கிய ஆப்ரிகாட், உலர்திராட்சை, சர்க்கரை. இறக்கி ஆறவைத்து, மேலே வால்நட், மாதுளை முத்து, பட்டைத் தூள். பால் சேர்க்காத கோதுமைப் பாயசம் என்றால் நம்மவர்களுக்குப் புரியும். ஆனால் ஆப்ரிகாட்டின் புளிப்பு நம் பாயசத்தில் இல்லாதது. அந்தப் புளிப்புதான் இரண்டாவது கிண்ணம் கேட்க வைக்கிறது.

“சூடாகச் சாப்பிடாதே ஜான், பொறு” என்று தடுத்தார். ஜான் என்றால் இங்கே ‘கண்ணு’ மாதிரி ஒரு செல்ல விளி. சரிதான். குளிர்ந்த பிறகுதான் ருசி கூடுகிறது.

ஜனவரி 6

தேவாலயம், விருந்தாளிகள், காபி. காபியோடு ஒரு சின்னத் தட்டில் கறுப்பாக, பளபளவென்று ஏதோ வந்தது. பச்சை வால்நட் முரப்பா! ஓடு கெட்டியாவதற்கு முன் கோடைத் தொடக்கத்தில் காயைப் பறித்துவிட வேண்டுமாம். தோல் சீவினால் கை கறுத்துப்போய் நாட்கணக்கில் போகாது. கசப்பு போகத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் போட்டு, கிராம்பும் ஏலக்காயும் சேர்த்த பாகில் பலமுறை கொதிக்கவைக்கிறார்கள். ஓடும் பருப்புமாக முழுசாகக் கடிக்கலாம். இவ்வளவு உழைப்பும் ஒரு வாய்க்குத்தான். அதற்கு அத்தனையும் தகும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜனவரி 18

கார்னி, கெகார்ட் பயணம். மலையைக் குடைந்த கெகார்ட் மடத்துக்குப் போகிற வழியில் பெண்கள் வட்ட வட்டமான கத்தா ரொட்டிகளை விற்கிறார்கள். உள்ளே பூரணமாக இருப்பது மாவு, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் பிசிறிய உதிரி. மேலே முட்டை மஞ்சள் தடவி, முள்கரண்டியால் கோலம் கீறியிருக்கிறார்கள். நோன்பு முடிந்ததும் வெண்ணெய் எப்படித் திரும்பி வருகிறது பாருங்கள்!

அங்கேயே சுஜுக்கும் தொங்கியது. நூலில் கோத்த வால்நட்டை, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி, காயவைத்து, மறுபடி முக்குவது. கடைகளில் சிலர் சாற்றுக்குப் பதில் சர்க்கரைப் பாகை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அது எனக்கு வருத்தம். திராட்சையின் லேசான துவர்ப்பு போனால் அதில் என்ன மிச்சம்?

ஜனவரி 31

புனித சர்கிஸ் திருநாள், காதலர்களின் காவலர். ஈஸ்டரை ஒட்டி வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். நேற்றிரவு பேத்தி உப்பு ரொட்டியைத் தின்றுவிட்டு, தண்ணீர் குடிக்காமல் தூங்கப் போனாள். கனவில் தண்ணீர் தருகிறவர்தான் துணையாக வருவாராம். யார் தந்தது என்று தாதிக் காலையில் துருவித் துருவிக் கேட்டும் அவள் வாயே திறக்கவில்லை.

வறுத்து அரைத்த கோதுமை மாவை, பொஹிந்த் என்பார்கள், ஒரு தட்டில் பரப்பி இரவு வெளியே வைத்திருந்தார் தாதிக். சர்கிஸின் குதிரைக் குளம்பு அதில் பதிந்தால் அந்த வீட்டுக்கு நல்ல காலம். விடிந்ததும் குடும்பமே தட்டைச் சுற்றி நின்று, ஓரத்தில் இருந்த ஒரு பள்ளத்தைக் குளம்பு என்று ஒருமனதாக முடிவு செய்தது. அதே மாவில் தேனும் வெண்ணெயும் விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தோம். பேத்திக்கு இரண்டு உருண்டை கூடுதலாகப் போனது.