தண்ணீர் நிறைந்த பிறகு யார் அளப்பது?

குளக்கரை மேம்பாட்டு வேலை ஒன்றில் மூன்று வருடம் இருந்தேன். கான்ட்ராக்டரிடமும் இல்லை, மாநகராட்சியிலும் இல்லை, நடுவில் நின்று வேலையை மேற்பார்வை பார்க்கும் ஆலோசனை நிறுவனத்தில் சைட் இன்ஜினியர். கொங்குப் பக்கம் ஒரு நகரம், ஊர்ப் பெயர் வேண்டாம். ஸ்மார்ட் சிட்டி பணம். நடைபாதை, கிரானைட் இருக்கை, அலங்கார விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு இடம் என்று உங்கள் ஊர்க் குளத்திலும் இப்போது இதெல்லாம் வந்திருக்கலாம்.

என் வேலை அளப்பது. அரசு வேலையில் அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு, எம்-புக் என்போம். நீளம், அகலம், ஆழம் அதில் ஏறினால்தான் பில் பாஸ் ஆகும். கிரானைட்டை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் டேப் வைத்து அளந்து பார்க்கலாம், விளக்குக் கம்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தூர்வாரியதை அப்படிப் பார்க்க முடியாது. தோண்டுவதற்கு முன் குளத்துக்குள் கட்டம் கட்டமாக லெவல், அதாவது தரையின் உயரம், எடுக்க வேண்டும், தோண்டிய பிறகு அதே புள்ளிகளில் மறுபடி எடுக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கன மீட்டர், அந்தக் கன மீட்டருக்குத்தான் பணம். மழை வந்து குளம் நிறைந்துவிட்டால் காகிதத்தைத் தவிர எதுவும் மிஞ்சாது. 40 ஏக்கர் குளத்தில் சராசரியாக 10 சென்டிமீட்டர் கூட்டி எழுதினால் 16,000 கன மீட்டருக்கு மேல் வரும், டிப்பர் கணக்கில் ஆயிரம் லோடுக்கும் மேல்.

நான் சேர்ந்தபோது தோண்டுவதற்கு முந்தைய லெவலை ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தார்கள். கரையோரம் சில புள்ளிகளைச் சரிபார்த்தேன், ஒத்துப்போனது. நடுக்குளத்துக்குப் போகவில்லை, அதற்குள் பொக்லைன் இறங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். அந்தக் கணக்கு தவறு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது, சரி என்று சொல்லவும் கிடையாது. இன்று வரை உறுத்துகிறது.

கேட்க வேண்டியவர்களும் அப்போது இல்லை. தமிழ்நாட்டில் நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம். 2015 ஜூனில் அறிவித்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் வந்தன, எங்கள் குளத்துக்கு டெண்டர் விட்டதும் தோண்டியதும் இந்த இடைவெளியில்தான். போதாததற்கு இந்தப் பணத்தைச் செலவழித்தது மாமன்றம் இல்லை, மாநில அரசும் மாநகராட்சியும் பாதிப் பாதி பங்கு போட்ட தனிக் கம்பெனி. மன்றக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து "எங்க வார்டு குளத்துக்கு எத்தனை கோடி, எந்த வேலைக்கு எவ்வளவு?" என்று சத்தம் போடுவதை நான் இப்போது மதிக்கிறேன், அது கட்சிச் சண்டையாகவே இருந்தாலும் சரி. 1998-இல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது, ஆனால் அது வேலையை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதோடு நின்றுவிடுகிறது. கொடுத்த பிறகு எவ்வளவு அளந்தோம் என்பது எம்-புக்குக்குள், எம்-புக் பீரோவுக்குள்.

அப்புறம் ஒருவர் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், அந்தக் குளத்துப் பாசனத்தில் முன்பு நிலம் வைத்திருந்தவர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டிருந்தார். நகல் எதுவும் கேட்கவில்லை, வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பணியிடத்தைப் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் 2005-இன் அந்தச் சட்டத்திலேயே உரிமை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கிரானைட் பக்கமே அவர் திரும்பவில்லை. "ஏனுங் தம்பி, இங்கிருந்து அள்ளுன மண்ணு எங்கெங்க போச்சுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-இல் அரசு அனுமதி கொடுத்தது. நல்ல திட்டம், நிலத்துக்கும் நல்லது குளத்துக்கும் நல்லது. ஆனால் விவசாயி டிராக்டரில் கொண்டுபோன மண்ணும் கான்ட்ராக்டர் டிப்பரில் கொண்டுபோன மண்ணும் லெவல் கணக்கில் ஒரே பள்ளம்தான், பிரித்துக் காட்ட ஒவ்வொரு லோடுக்கும் எழுதும் நடைச் சீட்டு வேண்டும். எங்களிடம் பாதி லோடுக்குத்தான் சீட்டு இருந்தது. சொன்னேன்.

"அப்ப மீதிய எதை வெச்சு எழுதுனீங்க?"

"லெவல வெச்சுங்கய்யா."

"லெவல் எடுக்கறப்ப ஊர்க்காரங்க ஆராச்சும் கூட இருந்தாங்களா?"

இல்லை என்றேன். அவர் கோபப்படவே இல்லை, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். போகும்போது வரத்து வாய்க்கால் வாயில் என்னை நிறுத்தி, சாக்கடை உள்ளே இறங்குவதைக் காட்டிவிட்டுப் போனார். எஸ்டிமேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வாய்க்காலுக்கு ஒரு ஐட்டம்கூட இல்லை.

இப்போது வேறு மாவட்டத்தில், சிறிய ஏரி வேலைகள். முதல் லெவல் எடுக்கும் அன்று ஆயக்கட்டுக்காரர்களை, அந்த ஏரித் தண்ணீரில் பாசனம் செய்பவர்களை, வரச்சொல்கிறேன், ஃபீல்ட் புக்கில் கையெழுத்தும் வாங்குகிறேன். எனக்குத் தெரிந்து எந்த விதியும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அரை நாள் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். போன கோடையில் ஒரு அம்மா லெவல் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியில் கண்ணை வைத்து, எதிரே பிடித்திருந்த ஸ்டாஃப் என்ற அளவுகோலில் தெரிந்த எண்ணைத் தானே படித்துச் சொன்னார், 1.645. சரியாக இருந்தது. அதை எழுதி, பக்கத்தில் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.