தேநீரில் தோய்த்த பாண்

பேராதனையில் பல் மருத்துவம் படித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் முன்னால் வந்தமரும் முதியவர்களிடம் நான் கேட்ட முதற்கேள்வி எங்கே நோகிறது என்பதாகவே இருந்தது. நோகும் பல்லைக் காட்டுவார்கள். விறைப்பூசி போட்டுப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அனுப்பிவிடுவேன். எஞ்சிய பற்களில் மேலும் கீழும் ஒன்றையொன்று சந்தித்து அரைக்கக்கூடியவை எத்தனை, அன்றிரவு அவர் வீட்டில் எதைச் சாப்பிடப்போகிறார் என்பவற்றை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அதை எண்ணவைத்தவர் எழுபது வயது கடந்த ஓர் அம்மா. தாய் சில மாதங்களாக மெலிந்து வருகிறார், பசியில்லை என்கிறார், இரத்தப் பரிசோதனையில் எதுவும் பிடிபடவில்லை என்று கவலையோடு மகள் கூட்டிவந்திருந்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"பாணைத் தேத்தண்ணியில தோய்ச்சுச் சாப்பிட்டனான், பிள்ளை. மத்தியானம் சோத்தைச் சொதியோட குழைச்சு விழுங்குவன்."

கட்டுப்பல் இல்லையா என்றதும், கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் உள்ளே இருந்தன. கலியாண வீடுகளுக்கும், கனடாவிலிருக்கும் மகனோடு வீடியோவில் கதைக்கும்போதும் மட்டுமே அவற்றைப் போடுவாராம். சாப்பிட உட்காரும்போது கழற்றிவிடுவாராம். வயது போனால் அப்படித்தான் என்று தாயும் மகளும் நினைத்திருந்தார்கள்.

பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடையெலும்பு ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே போகும். கீழ்த்தாடையில் அந்தத் தேய்வு அதிகம். பல வருடங்களுக்கு முன் அளவெடுத்துச் செய்த கீழ்வரிசை முரசில் பொருந்தி உட்காராமல், நாக்கு அசையும்போதெல்லாம் மிதக்கும், உராயும் இடம் புண்ணாகும். அவருடைய பற்செட்டின் உட்புறத்துக்குப் புதிதாக அளவெடுத்து அக்ரிலிக் சேர்த்தாலே போதுமாக இருந்தது. அந்த வசதி எங்கள் பிரிவில் இல்லாததால் வெளியே காசு கொடுத்துச் செய்துகொள்ளச் சொன்னேன். பல்லைப் பிடுங்குவது இலவசமாகவும், மென்று சாப்பிட வழிசெய்வது செலவாகவும் இருப்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

மெல்ல முடியாதவர் மென்மையான உணவைத் தேடுவார். எங்கள் வீடுகளில் உடனே கைக்கு எட்டும் மென்மையான உணவு பாணும் பிஸ்கட்டும் சீனி போட்ட தேநீரும்தான். முரசு இறங்கி வேர் வெளியே தெரியும் பற்களில், அந்த வேர்ப்பகுதியை மூடி எனாமல் என்ற கெட்டியான மேற்பூச்சு கிடையாது. பிறசருக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் சில குளிசைகள் உமிழ்நீரையும் குறைத்துவிடுவதால், அப்பிய மாவு கழுவப்படாமல் அங்கேயே கிடக்கும். இப்படித்தான், பல் குறைந்ததால் மாறிய சாப்பாடே மிஞ்சிய பற்களையும் சூத்தையாக்குகிறது. சலரோகம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முரசு நோயும் சேர்ந்துகொள்ளும்.

80 வயதிலும் 20 பற்கள் என்ற இலக்கோடு 1989 இல் யப்பானில் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. 20 பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவுகளை மெல்லலாம் என்பது அதன் அடிப்படை. ஆனால் மேல்வரிசை முழுதாக இருந்தும், கீழே ஒரு கொடுப்புப்பல்கூட இல்லாமல் சோற்றை விழுங்குபவர்களைக் கண்டிருப்பதால், சந்திக்கும் பற்களையே நான் முதலில் எண்ணுகிறேன்.

பல் போனபின்னும் வெற்றிலை நிற்பதில்லை. சிற்றுரலில் இடித்துப் போடுவார்கள். பிட்டு உருண்டையை வாய்க்குள் வைக்க முடியவில்லை என்று வந்த ஓர் ஐயாவுக்குப் பற்களில் குறையில்லை, பாக்கினால் கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் திறக்க மறுத்தது. புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்பதால் அவரை அன்றே மேற்சிகிச்சைக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும், கட்டுப்பல் வெட்டிய புண் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அந்த அம்மா பற்செட்டைச் சரிசெய்துகொண்டு மீண்டும் வந்தார். இரண்டு கொடுப்பிலும் ஒரே நேரத்தில் மெல்லும்படியும், மேல்தகடு அண்ணத்தை மூடியிருப்பதால் மீன்முள் தட்டுப்படாது, கையால் முள் பார்த்தே சாப்பிடவேண்டும் என்றும் சொன்னேன். பயிற்றங்காய்க் கறி சாப்பிட்டதாகச் சொன்னார்.

"புழுக்கொடியல் கடிக்கலாமோ, பிள்ளை?"

கடிக்கவேண்டாம், இடித்துத் தேங்காய்ப்பூவோடு சாப்பிடுங்கள் என்றேன்.