ஆற்காட்டுல இருந்து கோட்டைக்கு, சித்தப்பாவோட ஒரு நாள்

எங்க ஊரு ஆற்காடு. பாலாத்தங்கரையில டெல்லி கேட்னு ஒரு பழைய வாசல் நிக்குது, அதுக்கு மேல ஒரு ரூம் மாதிரி இருக்கும், அங்கதான் ஈஸ்ட் இந்தியா கம்பெனியோட ராபர்ட் கிளைவ் இருந்தான்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தவங்க நாங்க. அந்தக் கிளைவ் கணக்கு எழுதற வேலை பார்த்த இடத்தை, கல்யாணம் பண்ணிக்கிட்ட இடத்தை, அதான் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையை, நேர்ல பார்க்கணும்னு ரொம்ப வருஷமா ஆசை, போன மாசம் ஒரு வியாழக்கிழமைதான் அமைஞ்சது. வியாழன் ஏன்னா கோட்டை மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, போறவங்க அதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கூட வந்தது எங்க சித்தப்பா. ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர், மெட்ராஸ் ரெஜிமென்ட். எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரின்னு சொன்னா மிகையில்ல. வாலாஜா ரோட்டுல காலை ரயில் பிடிச்சோம், 1856 ஜூலை 1ம் தேதி ராயபுரத்துல இருந்து கெளம்பின தென்னிந்தியாவோட முதல் ரயில் வந்து சேர்ந்ததும் இதே வாலாஜா ரோடுதான்னு சொன்னேன், சித்தப்பா பிளாட்பாரத்தை ஒரு சுத்து பார்த்துட்டு "அப்பவே நம்ம ஊருக்கு மவுசுடா"ன்னார். சென்ட்ரல்ல இறங்கி, ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷன்ல எலக்ட்ரிக் ட்ரெய்ன், ஒரே ஸ்டாப், கோட்டை.

உள்ள தலைமைச் செயலகம், சட்டசபை எல்லாம் இருக்கறதால கேட்ல பை எல்லாம் செக் பண்ணித்தான் விடறாங்க. சித்தப்பா ஐடி கார்டை எடுத்து நீட்டினதும் அங்க நின்ன போலீஸ்காரர் ஒரு சல்யூட் வெச்சார், அதுலயே அவருக்கு அன்னைக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

முதல்ல போனது செயின்ட் மேரீஸ் சர்ச். 1680ல கட்டி முடிச்சது, குண்டு விழுந்தாலும் தாங்கற மாதிரி கனமான வளைவுக் கூரை. வெளிய முற்றத்துல தரையெல்லாம் கல்லறைக் கல்லு, லத்தீன்ல, போர்ச்சுகீஸ்ல, ஆர்மீனியன்ல எழுதினது, இப்போ லா காலேஜ் இருக்கற இடத்துல இருந்த பழைய இடுகாட்டுல இருந்து கொண்டு வந்து பதிச்சதாம், அந்த சமாதிங்க பின்னால மறைஞ்சுக்கிட்டுதான் 1758ல பிரெஞ்சுக்காரங்க கோட்டையைச் சுட்டாங்க. இந்த சர்ச்சுலதான் 1753 பிப்ரவரி 18ல கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் கல்யாணம். அப்போ அவருக்கு வயசு 27.

9 வருஷம் முன்னாடி 1744ல இந்த ஊர்ல வந்து இறங்கினப்போ அவர் வெறும் ரைட்டர், வருஷத்துக்கு 5 பவுண்டு சம்பளம், துணி மூட்டையை எண்ணி கணக்கு எழுதற வேலை. 1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சப்போ மாறுவேஷத்துல தப்பிச்சு கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய் அங்கதான் பேனாவை வெச்சுட்டு துப்பாக்கி எடுத்தது. அப்புறம் 1751, எங்க ஊர்க் கதை. ஆற்காடு நவாப் பதவிக்கு ரெண்டு பேர் போட்டி, இங்கிலீஷ்காரங்க பக்கம் முகமது அலி, பிரெஞ்சுக்காரங்க பக்கம் சந்தா சாகிப். திருச்சியில முகமது அலியை சந்தா சாகிப் வளைச்சுக்கிட்டு நிக்கறார், அவரைத் திருச்சியில இருந்து நகர்த்தணும்னா அவரோட தலைநகரம் ஆற்காட்டுல கை வைக்கணும்னு கிளைவ் திட்டம் போட்டு, ஆகஸ்ட் கடைசியில 200 வெள்ளைக்காரங்க, 300 சிப்பாய்ங்க, 3 சின்ன பீரங்கி, இவ்ளோதான், இதை வெச்சுக்கிட்டு மழையில இடியில நடந்து வந்து கோட்டைக்குள்ள பூந்துட்டாரு. கூட வந்த 8 ஆபீசர்ல 4 பேர் அவரை மாதிரியே கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவங்க. சந்தா சாகிப் மகன் ரசா சாகிப் படையோட வந்து 50 நாள் முற்றுகை போட்டார். கடைசி நாள், முஹர்ரம் 10, யானைங்க நெத்தியில இரும்புத் தகடு கட்டி கதவை முட்ட விட்டாங்க, துப்பாக்கிக் குண்டு பட்டதும் யானைங்க திரும்பி சொந்த ஆளுங்களையே மிதிச்சது. அன்னைக்கு உள்ள சண்டை போடற நிலைமையில இருந்தது 80 வெள்ளைக்காரங்களும் 120 சிப்பாய்ங்களும்தான்.

எங்க பாட்டி சொல்ற கதை வேற. அரிசி தீர்ந்துபோற நேரத்துல சிப்பாய்ங்க கிளைவ்கிட்ட போய், சோத்தை வெள்ளைக்காரங்களுக்குக் குடுங்க, வடிச்ச கஞ்சி எங்களுக்குப் போதும்னு சொன்னாங்களாம். இங்கிலீஷ் புஸ்தகங்கள்லயும் இதைப் பெருமையா எழுதி வெச்சிருக்காங்க, நடந்த காலத்துல எழுதின குறிப்புகள்ல இது இல்லைன்னு சொல்ற ஆராய்ச்சிக்காரங்களும் உண்டு. இதை நான் சர்ச்சுல பெஞ்சுல உக்காந்து சொன்னப்போ சித்தப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டார், "அந்த ரேஷன் சப்ளை யார் கையிலடா இருந்தது?"

நான் ஆடிப்போயிட்டேன். ஏன்னா அதுக்கு பதில் எனக்குத் தெரியும், ஆனா ரெண்டையும் சேர்த்து ஒரு நாளும் நான் யோசிச்சதில்ல. கம்பெனி படைக்கு சாப்பாட்டு சாமான் சப்ளை பண்ற பொறுப்பு கிளைவ் கையிலதான் இருந்தது, கமிஷனோட. கல்யாணம் முடிஞ்சு 1753ல கப்பல் ஏறினப்போ அவர்கிட்ட சேர்ந்திருந்த சுமார் 40,000 பவுண்டுல பெரும்பங்கு அந்த சப்ளையில வந்ததுதான். அந்தக் காசுலதான் ஊர்ல அப்பாவோட கடனை அடைச்சார், அந்தக் காசுலதான் 1754ல கார்ன்வால்ல மிட்செல்னு ஒரு குட்டித் தொகுதியில நின்னு பார்லிமென்டுக்குள்ள போனார். சித்தப்பா லங்கர்ல, அதாவது மிலிட்டரி சமையல்கூடத்துல, எத்தனையோ வருஷம் சாப்பிட்டவர், ஒரு கிலோ பருப்பு குறைஞ்சா ஜவானுக்கு என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும். "சோறு போட்ட காசுல எம்பி ஆயிட்டிருக்கான்"னு மட்டும் சொன்னார்.

அந்த எம்பி பதவி நிலைக்கல. எதிர்த் தரப்பு மனு போட்டு 1755ல அந்த வெற்றியே செல்லாதுன்னு ஆச்சு, அவ்ளோ செலவும் போச்சு, மறுபடியும் கப்பல் ஏறி இந்தியா. சர்ச்சுக்குப் பக்கத்துலயே கிளைவ் ஹவுஸ் இருக்கு, அட்மிரால்டி ஹவுஸ்னும் சொல்வாங்க, ஒரு ஆர்மீனிய வியாபாரியோட வீடு, கல்யாணம் ஆன புதுசுல கிளைவ் இருந்தது, இப்போ தொல்லியல் துறை ஆபீஸ். வெள்ளைத் தூணுங்க, உயரமான ஜன்னல். அந்தத் தேர்தல் அன்னைக்கு நிலைச்சிருந்தா அவர் திரும்பி வந்திருப்பாரான்னு அங்க நின்னு யோசிச்சேன். 1756 அக்டோபர்ல இதே மெட்ராஸ்ல இருந்துதான் வங்காளத்துக்குக் கெளம்பினார், அடுத்த ஜூன்ல பிளாசி சண்டை, அதுல ஜெயிச்சு வங்காள நவாப் ஆக்கின மீர் ஜாஃபர்கிட்ட இருந்து அவருக்கு மட்டும் 2,34,000 பவுண்டு, அப்புறம் வருஷா வருஷம் 27,000 பவுண்டு நிலவரி வருமானம் வர்ற ஜாகீர். 1761ல ஷ்ரூஸ்பரி எம்பி, சாகற வரைக்கும் அந்த சீட் போகல, சொந்தக்காரங்க சிநேகிதங்கன்னு தன் ஆளுங்களையும் பார்லிமென்டுல உக்கார வெச்சார். 1765ல வங்காளத்தோட வரி வசூல் உரிமையையே கம்பெனிக்கு வாங்கிக் குடுத்தார், 5 வருஷத்துல அங்க கொடும் பஞ்சம். 1773ல அதே பார்லிமென்ட் அவரை விசாரிச்சப்போ, கஜானாவுல அவ்ளோ குவிஞ்சு கிடந்தும் கொஞ்சமாத்தான் எடுத்தேன்னு நினைச்சா எனக்கே ஆச்சரியமா இருக்குன்னு சொன்னாராம். கடைசியில அவர் நாட்டுக்குப் பெரிய சேவை செஞ்சார்னு தீர்மானம் போட்டு விட்டுட்டாங்க. அடுத்த வருஷம் நவம்பர் 22ல இறந்தார், தானே உயிரை விட்டார்னுதான் பலரும் சொல்றாங்க. வயசு 49.

கொஞ்சம் தள்ளி வெல்லெஸ்லி ஹவுஸ். 1980ல ஒரு பகுதி இடிஞ்சு விழுந்தது, அப்படியே கிடக்கு, செடி முளைச்சு. இங்க இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் 1799ல திப்பு மேல படையெடுப்புல இருந்து, 1803ல மராத்தியர்களோட அசாயே சண்டையை ஜெயிச்சு, ஊருக்குத் திரும்பி எம்பி ஆகி, 1815ல வாட்டர்லூ ஜெயிச்சு, 1828ல பிரிட்டன் பிரதமரே ஆனவர். வெலிங்டன் டியூக்னு பட்டம். அந்தப் பேரைத்தான் நீலகிரியில வெச்சாங்கன்னு சொன்னதும் சித்தப்பா அப்படியே நின்னுட்டார். அவர் ரெக்ரூட்டா ட்ரெய்னிங் எடுத்தது அங்கதான், மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருக்கற அதே வெலிங்டன். "அந்த ஊரு மண்ணுல பொரண்டு எழுந்தேன், பேரு இன்னாத்துக்கு வந்ததுன்னு ஒருத்தனும் சொல்லலையேடா"ன்னார். இடிஞ்ச சுவரைப் பார்த்துக்கிட்டே மெதுவா "வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு"ன்னு ரெஜிமென்ட் கோஷத்தை முணுமுணுத்தார். அவர் குரல் உடைஞ்சதை நான் கவனிச்சேன்.

மியூசியத்துல திப்புவைத் தோற்கடிச்ச கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலை பெருசா இருக்கு, பீடத்துல திப்புவோட பசங்களைப் பிணையா ஒப்படைக்கற காட்சி. எனக்கு அங்க நிக்கப் பிடிக்கல. மேல 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில இந்தக் கோட்டையில ஏத்தின பட்டுக் கொடியைக் கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்க, அதுக்கு முன்னால சித்தப்பா அட்டென்ஷன்ல நின்னு சல்யூட் அடிச்சார், பக்கத்துல இருந்த ஸ்கூல் பசங்களும் அவரைப் பார்த்து நேரா நின்னாங்க.

திரும்பும்போது ரயில்ல கூட்டம். காவேரிப்பாக்கம் போற ஒருத்தர் எடம் குடுத்தார், சித்தப்பா ஜன்னலோரம். அரக்கோணம் தாண்டினதும் கேட்டார், "ஆற்காட்டுக்கு வந்த அந்த 300 சிப்பாய்ங்க பேரு எங்கயாவது எழுதி வெச்சிருப்பானா? சம்பளப் பட்டியல்னு ஒண்ணு இருந்திருக்கணுமே, பட்டியல் இல்லாம எந்தப் படைக்கும் சம்பளம் போடமாட்டான்." எழும்பூர்ல ஆவணக் காப்பகத்துல கம்பெனி காலத்துக் காகிதமெல்லாம் இருக்குன்னு சொன்னேன். படிக்க அனுமதிக்கு என்ன பண்ணணும்னு விசாரின்னு சொல்லிட்டு, வாலாஜா வர்ற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டார். அனுமதி லெட்டர் நேத்துதான் எழுதி அனுப்பினேன்.