4 கேபிக்குள் ஓர் ஆறு: கரோல் ஷாவின் கணக்கைக் கட்டம் போட்ட நோட்டில் போடலாம்

மார்ச் 8 வந்தால் பள்ளிக்கூடங்களில் சார்ட் தயாராகும். அடா லவ்லேஸ், கிரேஸ் ஹாப்பர், எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த 6 பெண்கள் என்று கணினித் துறை முன்னோடிகளின் படம் ஒட்டிப் பெயர் வாசிப்பதோடு சரி. அதைவிட, அப்படி ஒரு பெண் செய்த வேலையைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்ப்பதே உண்மையான மரியாதை. நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எட்டாம் வகுப்புக்கு இரண்டு பீரியடு போதும். வேண்டியது கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும். ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது.

எடுத்துக்கொள்ள வேண்டியவர் கரோல் ஷா. 1982-ல் ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட, ஆற்றின் மேல் விமானம் ஓட்டும் ‘ரிவர் ரெய்டு’ விளையாட்டை, டிவியில் இணைத்து ஆடும் அடாரி 2600 இயந்திரத்துக்காக எழுதியவர். மொத்த நிரலும் அதில் செருகும் 4 கேபி (4096 பைட்) கேட்ரிட்ஜுக்குள் அடக்கம். ஆடும்போது பயன்படும் தற்காலிக நினைவகமான ரேம் 128 பைட்தான். ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்று இன்றைய யூடிஎஃப்-8 முறையில் சேமித்தாலே 61 பைட் போய்விடும். அவ்வளவு நீள ஆற்றைப் படமாக வைக்க இடமேது? ஆற்றை உண்டாக்கும் கணக்கை மட்டும் வைத்தார். ஒரு எண்ணின் பிட்டுகளை, அதாவது 0, 1 இலக்கங்களை, நகர்த்தி நகர்த்தி அடுத்த எண்ணைப் பெறும் முறை அது. தொடக்க எண் மாறாது என்பதால் எல்லோருக்கும் எப்போதும் அதே ஆறு. ஆடுகிறவர்கள் வளைவுகளை மனப்பாடம் செய்து முன்னேறலாம். இன்று உலகங்களைத் தானாக உண்டாக்கிக்கொள்ளும் விளையாட்டுகள் பலவும் போகும் வழி இதுதான்.

நோட்டில் 4 பிட் போதும். 1000 என்று எழுதுங்கள். கடைசி இரண்டு இலக்கமும் ஒன்றுபோல இருந்தால் 0, வேறுவேறாக இருந்தால் 1. கிடைத்ததை இடப்பக்கம் சேர்த்து, வலக்கோடி இலக்கத்தை விட்டுவிடுங்கள். 1000, 0100, 0010, 1001, 1100 என்று போகும். இடமிருந்து 8, 4, 2, 1 என்று மதிப்பு வைத்து, 1 உள்ள இடங்களைக் கூட்டினால், பத்தடிமான எண்ணில் 8, 4, 2, 9, 12, 6, 11, 5, 10, 13, 14, 15, 7, 3, 1. பிறகு மறுபடி 8. கடைசி இரண்டுக்குப் பதிலாக இரண்டாவதையும் நான்காவதையும் ஒப்பிட்டால் 6 எண்ணிலேயே சுற்று முடிந்துவிடும். 0000-ல் தொடங்கினால் நகரவே நகராது. இந்த இரண்டையும் பிள்ளைகளே போட்டுக் கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

இனி வரைவது. அகலத்தில் 40 கட்டம். இடது பாதி 20, வலது பாதி அதன் கண்ணாடிப் பிம்பம். அடாரியின் சிப்பும் பாதித் திரைக்கு 20 பிட்தான் வைத்திருந்தது, மறுபாதியைத் திருப்பிக் காட்டியது. வரும் எண்தான் இடக்கரையின் அகலம். 15 வந்தாலும் நடுவில் 10 கட்டம் தண்ணீர் இருக்கும். ஆனால் எண் மாறியதும் கரையைத் தாவவிடக் கூடாது, வரிக்கு ஒரு கட்டமாக நகர்த்த வேண்டும். 1-லிருந்து 8-க்குத் தாவினால் ஆற்றில் நாம் ஓட்டும் வள்ளத்துக்கு நேரே சுவர் வந்து நிற்கும், ஒதுங்க வழியிருக்காது. ஒழுங்காகப் போட்டால் ஒரு சுற்றுக்குச் சரியாக 64 வரி வரும். எண்ணிக்கை பிசகினால் எங்கோ இலக்கம் தப்பியிருக்கிறது.

காகிதத்தில் என்ன விளையாட்டு என்று யாரும் கேட்டால் மேபல் ஆடிஸைச் சொல்லுங்கள். நியூயார்க் மாநிலத்தில் நாலாம் வகுப்பு ஆசிரியை. 1964-ல் அவர் எழுதிய ‘சுமேரியன் கேம்’ கணினித் திரையே இல்லாமல் காகிதத்தில் அச்சாகி வந்தது. எவ்வளவு தானியம் விதைக்கு, எவ்வளவு சாப்பாட்டுக்கு, எவ்வளவு சேமிப்புக்கு என்று பிள்ளைகள் ஆட்சியாளராக முடிவெடுக்க வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பத்தாயத்தை வைத்து இதை விளக்கிவிடலாம்.

கணினி லேப் இருந்தால், கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச். எண்ணை N என்போம். N-ஐ 2-ஆல் வகுத்த மீதி ஒன்று. N/2-ஐக் கீழ்முழுமையாக்கி (தசமத்தை வெட்டி) மறுபடி 2-ஆல் வகுத்த மீதி இன்னொன்று. இரண்டையும் கூட்டி 2-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் புது பிட். புது N என்பது N/2-இன் கீழ்முழுமையோடு புது பிட்டின் 8 மடங்கைக் கூட்டியது. கீழ்முழுமையை மறந்தால் 9 பாதியாகி 4.5 ஆகும், அதன்பின் எல்லாமே தசமம். ஆட்டத்தைத் தொடங்கும் பச்சைக்கொடிக்கு அடியில் N-ஐ 8 ஆக்க மறந்தால் போன ஆட்டத்து எண்ணிலிருந்து ஆறு தொடரும். மேடை 480-க்கு 360, ஆகவே கட்டம் 12 புள்ளி, 30 வரி. கட்டத்துக்கொரு குளோன் (நகல்) போடாதீர்கள்: 300-க்கு மேல் ஸ்கிராட்ச் தராது, கரை பாதியில் காணாமல் போகும். வரிக்கொரு குளோன், அகலத்துக்கொரு காஸ்ட்யூம் (உருவப்படம்) என 15 வைத்தால் 30 குளோனில் வேலை முடியும்.

ஆறு நம்முடையதாகவே இருக்கட்டும். தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் தொடங்கி, குழித்துறைப் பாலம் தாண்டி, மூவாற்றுமுகத்தில் பறளியாற்றுப் பக்கம் திரும்பினால் மாத்தூர் தொட்டிப்பாலம். ஷாவின் விளையாட்டிலும் ஒவ்வொரு பகுதியும் பாலத்தில்தான் முடிகிறது. எரிபொருளையும் அவர் வைத்தபடியே வையுங்கள்: எரிபொருள் தொட்டியின் மேல் போனால் டேங்க் நிறையும், அதைச் சுட்டால் 80 புள்ளி. எதை எடுப்பது என்ற இழுபறிதான் ஆட்டத்தின் உயிர். 15 எண் சீக்கிரம் அலுத்துவிட்டால் 5 பிட்டாக்கி, மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒப்பிடச் சொல்லுங்கள், 31 வரும். கரைக்குக் கடைசி 4 பிட்டை மட்டும் எடுக்க வேண்டும். இடையில் 0 வரும், அதற்குக் கரையில்லாத ஒரு காஸ்ட்யூம் கூடுதலாகச் சேருங்கள்.