எந்த டவர், எத்தனாவது மாடி?

பெரிய குடியிருப்பு வளாகத்தில் வீடு பார்க்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மாடல் ஃப்ளாட்டுக்குள் நுழைந்ததும் சமையலறை மேடையைத் தடவிப் பார்ப்பார்கள், பெட்ரூமில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று கையை விரித்து அளப்பார்கள், குழாயைத் திறந்து மூடுவார்கள், பால்கனியில் நின்று ஒரு போட்டோ. அவ்வளவுதான், முடிவு எடுத்தாகிவிட்டது. ஆனால் எட்டுப் பத்து டவர், ஒவ்வொன்றிலும் இருபது மாடி என்று இருக்கிற இடத்தில் வீட்டுக்கு உள்ளே எல்லாம் ஒன்றேதான். அதே ஹால், அதே ஜன்னல், அதே டைல்ஸ். மாறுவதெல்லாம் வெளியே இருக்கிறது: தலைக்கு மேல் என்ன, காலுக்குக் கீழ் என்ன, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன ஓடுகிறது, வீட்டு வாசலிலிருந்து மெயின் கேட் வரை எப்படி நடந்து போக வேண்டும். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், லிஃப்ட் ஏறி இறங்குகிற ஷாஃப்டை யாராலும் நகர்த்த முடியாது.

ஒரே வளாகத்துக்குள் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு வாடகைக்கு மாறியவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அச்சு அசலாக அதே பிளான், சோபாவைக்கூட அதே மூலையில்தான் போட்டோம். தூக்கம், மின்சார பில், பக்கத்து வீட்டுப் பழக்கம் எல்லாமே வேறாகிவிட்டன.

லிஃப்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். பழைய வீட்டில் படுக்கையறையின் தலைமாட்டுச் சுவர் லிஃப்ட் ஷாஃப்டோடு ஒட்டியது. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி வீடு அடங்கியபிறகு பார்க்க வேண்டுமே, யாரோ கீழே பட்டனை அழுத்துவார்கள், தண்டவாளத்தில் பெட்டி உரசி ஓடுகிற ஒரு முனகல் தூரத்தில் கிளம்பும், நம் மாடியைக் கடக்கும்போது சுவரில் உள்ளங்கையை வைத்தால் லேசாக அதிரும், அப்புறம் எங்கோ கதவு திறக்கிற மணிச் சத்தம். கடைசி மாடிக்காரர்களுக்கு இதோடு மோட்டாரின் பிரேக் விடுபடுகிற 'டக்'கும் சேர்ந்து வரும். இதைச் சோதிப்பது சுலபம். ஃபேனை நிறுத்திவிட்டு, பேசாமல், படுக்கையறையில் நில்லுங்கள். கூட வந்தவரை லிஃப்டில் நாலு தடவை மேலும் கீழும் போய்வரச் சொல்லுங்கள். விற்க வந்தவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

லிஃப்டுக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டாம் என்றால் ரொம்பத் தள்ளியும் வேண்டாம். நீண்ட நடைக்கூடத்தின் கடைசி வீடு அமைதியாக இருக்கும், ஆனால் கையில் பை, இடுப்பில் குழந்தை என்று வரும்போதுதான் அந்தத் தூரம் தெரியும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் கட்டிய ப்ரூயிட்-ஐகோ என்ற வளாகத்தில் 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. செலவைக் குறைக்க லிஃப்ட் 1, 4, 7, 10 ஆகிய மாடிகளில் மட்டும் நிற்கும்படி வைத்தார்கள், மற்றவர்கள் அங்கே இறங்கிப் படியேறிக்கொள்ள வேண்டியதுதான். 1972இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இடித்ததற்குக் காரணம் லிஃப்ட் மட்டும் இல்லை, பெரிய கதை அது, ஆனால் லிஃப்டை விட்டு இறங்கி இருட்டுப் படிக்கட்டு வழியாக வீட்டுக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்தைப் பற்றி அங்கே இருந்தவர்கள் நிறையப் புலம்பியிருக்கிறார்கள். சிங்கப்பூரின் பழைய அரசுக் குடியிருப்புகளிலும் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நின்றது. 2001இலிருந்து ஒரு தனித் திட்டம் போட்டு எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றினார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே இறங்குவார்கள். லிஃப்ட் மேலிருந்து ஆட்களை நிரப்பிக்கொண்டே வரும், நிறைந்துவிட்டால் இடையில் நிற்காது. ஆகவே மேல்மாடிக்காரருக்கு இடம் கிடைத்துவிடும், இரண்டாம் மாடிக்காரர் படியில் இறங்கிவிடுவார், ஏழெட்டாம் மாடிக்காரர்தான் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒரு மாடிக்கு எத்தனை வீடு, டவருக்கு எத்தனை லிஃப்ட், ஒன்று ரிப்பேரானால் மிச்சம் எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முடிந்தால் ஒரு வேலை நாள் காலையில் போய் அந்த லிஃப்ட் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

உயரம் என்றதும் எல்லோரும் காட்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிய மயக்கம் கிடையாது, நாளாக ஆக யாரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. உயரத்தில் வேறு கணக்குகள் இருக்கின்றன. தீயணைப்பு வண்டிகளில் பரவலாக இருக்கும் ஏணி சுமார் 30 மீட்டர் வரை எட்டும், ஒன்பது பத்து மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நீண்டதும் உண்டு, ஆனால் எல்லா ஊரிலும் இருக்காது. அதற்கு மேலே போனால் படிக்கட்டும், தானே மூடிக்கொள்கிற தீத்தடுப்புக் கதவும், தண்ணீர் தெளிப்பானும்தான் துணை. அந்தக் கதவைக் கல் வைத்துத் திறந்துபோட்டிருக்கிறார்களா, படிக்கட்டில் பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த டவரில் நான் உயரே போக மாட்டேன்.

டொராண்டோ வட்டாரத்தில் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. வீட்டில் திடீரென்று இதயம் நின்றுபோனவர்களில் மூன்றாம் மாடிக்குக் கீழே குடியிருந்தவர்களில் 4.2 சதவீதம் பேர் உயிர் பிழைத்தார்கள், மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 2.6 சதவீதம்தான். பதினாறாம் மாடிக்கு மேலே ஒரு சதவீதத்துக்கும் கீழே. (அங்கே தரைத்தளத்தையே முதல் மாடி என்று எண்ணுவார்கள்.) ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்த பிறகு லிஃப்டுக்குக் காத்திருந்து, வீட்டைத் தேடி, ஆளை அடைகிற அந்த நேரமும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் நான் முதலில் இதைத்தான் யோசிப்பேன். ஸ்ட்ரெச்சர் படுக்கைவாட்டில் நுழைகிற லிஃப்ட் அந்த டவரில் இருக்கிறதா என்பதையும் கேட்பேன்.

கடைசி மாடி வேறு கதை. மேலே யாரும் கட்டில் இழுக்க மாட்டார்கள் என்பது பெரிய நிம்மதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தலைக்கு மேல் நேராகக் கூரை. கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி மெதுவாக உள்ளே விடும், எல்லோரும் தூங்கப் போகிற நேரத்தில் சீலிங் கொதிக்கும். தண்ணீரும் அப்படித்தான். மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கிவருகிற தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு 3 மீட்டர் கீழே ஷவர் என்றால் 0.3 பார், நூல் மாதிரி ஒழுகும். அதற்காகத் தனி பம்ப் வைத்திருப்பார்கள், கரண்ட் போனால் அந்தப் பம்ப் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தரைத்தளத்துக்காரருக்குத் தண்ணீர் வருவதில் பிரச்சினையே இல்லை, போவதில்தான். இருபது வீட்டுக் கழிவுநீர் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்குகிறது. அடியில் எங்காவது அடைத்துக்கொண்டால் அது மேலே ஏறாது, மிகக் கீழே இருக்கிற வீட்டுப் பாத்ரூமில்தான் பொங்கும். ஒழுங்காகக் கட்டியவர்கள் தரைத்தளத்துக்குத் தனிக் குழாய் போட்டிருப்பார்கள். போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, பிளம்பரிடமும் தனியாக ஒருமுறை கேளுங்கள், அவர்தான் உண்மையைச் சொல்வார்.

சத்தத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது, ரோட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் போதும் என்று. ஓயாமல் வண்டி ஓடுகிற சாலையில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 3 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். காதுக்குப் பாதியாகத் தெரிய 10 டெசிபல் குறைய வேண்டும். ஆக ரோட்டுப் பக்கத்து டவரில் உள்ளே தள்ளி ஒரு வீடு எடுப்பதைவிட, இன்னொரு டவர் குறுக்கே மறைக்கிற வீடு எவ்வளவோ மேல். மேலே போகப் போகச் சத்தம் குறையும் என்பதும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. முதல் மாடிக்காரருக்கு மதில் சுவர் காப்பு, ஆறாம் மாடிக்காரர் ஜன்னலுக்கு முழுச் சாலையும் நேராகத் தெரியும், தெரிகிற இடத்திலிருந்தெல்லாம் சத்தமும் வரும். நாலு பக்கமும் டவர் சூழ்ந்த உள்முற்றமும் ஏமாற்றும். விளையாடுகிற பிள்ளைகளின் கூச்சல் சுவருக்குச் சுவர் மோதி மேலே ஏறிக்கொண்டே போகும். எனக்கு அது பிடிக்கும். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே கூடாது.

வெயிலுக்கு வருவோம். வெப்பமான ஊர் என்றால் மேற்குப் பார்த்த பெட்ரூமை நான் தொடவே மாட்டேன். உச்சி வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும், சாயங்காலம் சாய்ந்து உள்ளே பாய்கிற வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. மேற்கே இன்னொரு டவர் நெருக்கமாக நின்று மறைத்தால் அது வரம். குளிர் ஊரில் அதே டவர் சாபம். பூமத்திய ரேகைக்கு நன்றாக வடக்கே இருக்கிற ஊர்களில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும், தெற்கு ஜன்னல் வழியாக வெயில் கட்டில் வரை வரும், அங்கே தெற்கை மறைக்கிற டவர் இருந்தால் வீடு மாதக்கணக்கில் இருட்டு. தெற்குக் கோளத்தில் இது அப்படியே தலைகீழ். காற்றுக்கு மூலைவீடு நல்லது, இரண்டு பக்கம் ஜன்னல் இருந்தால் ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறும். ஆனால் வெயில் படுகிற சுவரும் இரண்டு.

ஜன்னலுக்கு எதிரே காலி மனை இருந்து, 'திறந்த காட்சி' என்று சொல்லி விற்றால் உஷார். அனுமதி வாங்கிய வரைபடத்தில் அது அடுத்த கட்டத்துக்கு ஒதுக்கிய இடமா என்று பாருங்கள். ஆம் என்றால் சில வருஷம் தூசியும் கம்பி வெட்டுகிற சத்தமும், அப்புறம் எதிர்வீட்டு ஹால்.

அக்கம்பக்கம் அமைவது நம் குணத்தைப் பொறுத்தது என்று நினைக்கிறோம், கட்டடத்துக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மாணவக் குடும்பங்களுக்கான குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் செய்த ஆய்வு 1950இல் வந்தது. யார் உங்களுக்கு நெருக்கம் என்று கேட்டதில் அடுத்த வீட்டாரைச் சொன்னவர்கள் 41 சதவீதம், ஒரு வீடு தள்ளி இருந்தவரைச் சொன்னவர்கள் 22, நடைக்கூடத்தின் மறுகோடி வீட்டாரைச் சொன்னவர்கள் வெறும் 10. படிக்கட்டின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் அதிகம், காரணம் எல்லோரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல் இன்னொன்றைச் சொல்வார், ஐந்தாம் மாடிக்கு மேலே போனால் தெருவோடு இருக்கிற தொடர்பே அறுந்துவிடும் என்று. என் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்த காலத்தில் நாலாம் மாடி ஜன்னலிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கீழே மணலில் விளையாடுகிறவன் அண்ணாந்து பார்ப்பான், வர மாட்டேன் என்று கையாட்டுவான். பன்னிரண்டாம் மாடி அம்மா ஒவ்வொரு தடவையும் லிஃப்டில் இறங்கி வருவார். எதிர்மாறாக, யார் முகத்திலும் முழிக்காமல் வீட்டுக்குப் போக விரும்புகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு நடைக்கூடத்தின் கடைசி வீடுதான் சொர்க்கம்.

என்னைக் கேட்டால் மூன்றிலிருந்து ஆறு மாடிக்குள், கேட்டிலிருந்து இரண்டாவது வரிசை டவர், லிஃப்டிலிருந்து ஒன்றிரண்டு வீடு தள்ளி. வளாகத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், குப்பை சேர்க்கிற இடம், கிளப் ஹவுஸ் ஆகியவற்றை வட்டம் போடுங்கள், விளம்பரத் தாளில் இவற்றையெல்லாம் மரமாக வரைந்திருப்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள். அப்புறம் பார்க்கிங். வீடு எந்த டவர் என்று எழுதித் தருகிறவர்கள் கார் எந்த பேஸ்மென்டில் என்பதைப் பிறகு சொல்கிறோம் என்பார்கள். அந்த எண்ணையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் வீடு ஒரு மூலை, கார் ஒரு மூலை என்று மழையில் குடை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.